உடலைக் கேட்பவர் நேரத்தைத் தருவாரா?

தென்மாவட்டங்களின் பல ஊர்களில் கோயில் வாசலிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ வழுவழுப்பான உருண்டைக் கல் ஒன்று கிடக்கும். இளவட்டக்கல் என்பார்கள்; கல்யாணக்கல் என்று அழைக்கும் ஊர்களும் உண்டு. அதைத் தரையிலிருந்து பெயர்த்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் தள்ளுகிறவனே பெண் கேட்கத் தகுதியானவன் என்பது பழைய வழக்கம். அதற்கும் வெகு காலம் முன்பே கலித்தொகையின் முல்லைப் பகுதி, ஏறு தழுவியவனையே ஆயர்மகள் மணப்பாள் என்ற வழக்கத்தை விரித்துப் பேசுகிறது. இந்த வழக்கங்களை நியாயத்தின் இலக்கணமாகக் காட்ட நான் வரவில்லை. நோஞ்சானாகப் பிறந்தவனுக்கு அங்கே இடமில்லை. கல்லைத் தூக்கியவனைப் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டிருப்பார்கள் என்பதற்கும் உறுதியில்லை. ஆனாலும் இரண்டு கூறுகள் கவனத்துக்குரியவை. சோதிக்கப்பட்டது ஆணின் உடல். அளக்கப்பட்டது உடலின் தோற்றம் அன்று, அதன் செயல். கல்லின் எடை ஊருக்கே தெரியும். ஆண்டு முழுக்கத் தூக்கிப் பழகலாம். இன்றைய தமிழ்த் திருமணச் சந்தையில் இவ்விரண்டுமே தலைகீழாகிவிட்டன. அளக்கப்படுவது பெரும்பாலும் பெண்ணின் உடல், அளவுகோல் தோற்றம். அதற்கு நாம் வைத்திருக்கும் புதுப்பெயர்தான் ‘ஃபிட்னெஸ்’.

மணமகள் தேவை விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’, ‘அழகான’, ‘ஒல்லியான’ என்ற சொற்கள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. திருமணத் தகவல் தளங்கள் வந்தபோது அவை தேடல் கட்டங்களாக மாறின. ஷாதி டாட் காம் தளம் தோல் நிறத்தைக் கொண்டு வடிகட்டும் வசதியை 2020 ஜூனில்தான், ஒரு கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகு, நீக்கியது. ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை மாற்றிக்கொண்டதும் அதே ஆண்டில்தான். கட்டம் போனதால் கண் மாறிவிடவில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைத்ரீஷ் கட்டக், ஜான் லாஃபோர்ட்டூன் ஆகியோர் வங்காள நாளிதழான ஆனந்தபஜார் பத்ரிகாவில் வந்த மண விளம்பரங்களையும், அவற்றுக்கு வந்த கடிதங்களைக் குடும்பங்கள் எப்படித் தரம் பிரித்தன என்பதையும் ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொந்தச் சாதி என்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த எடை, தன்னை ‘மிக அழகி’ என்று சொன்ன பெண்ணுக்கும் ‘பார்க்கும்படியானவள்’ என்று சொன்ன பெண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் கொடுத்த எடையைப் போல இரண்டு மடங்கு. ஆய்வு கொல்கத்தாவைப் பற்றியது. ஆனால் அதன் தர்க்கம் நமக்கு அந்நியமானதன்று. சாதி பேரத்துக்கு அப்பாற்பட்ட வேலி. அழகு அந்த வேலிக்குள் நடக்கும் பேரத்தின் நாணயம். வரன்கள் ஏற்கெனவே குறுகிவிட்ட ஒரு வட்டத்துக்குள் பெண்களை மேலும் கீழுமாக அடுக்கும் வேலையை நிறமும் எடையும் செய்கின்றன. இந்த அடுக்கலில் அநியாயம் எங்கே இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. எதிர்பார்ப்பு வைப்பதே தவறு என்று நான் கருதவில்லை. ஒரு குறிப்பிட்ட உடல் உருவாக வேண்டிய நேரத்தையும் சூழலையும் எதிராளியிடமிருந்து எடுத்துக்கொண்டு, அந்த உடலையும் அவரிடமே கேட்பதுதான் அநியாயம் என்று கருதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினர் உயரத்துக்கு மிஞ்சிய எடை கொண்டவர்கள். அதே கணக்கில் ஆண்கள் 37 சதவீதம். முந்தைய ஆய்வில் இவை முறையே 30.9, 28.2 ஆக இருந்தன. இரு பாலரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நம் பேச்சுமொழி இந்த இரண்டு எடைகளையும் ஒன்றாக நடத்துவதில்லை. கல்யாணமான ஆணுக்குத் தொப்பை விழுந்தால் ‘மாமியார் வீட்டுச் சாப்பாடு’ என்று சிரித்து வரவேற்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே விழுந்தாலும் சம்பளம் அதை மறைத்துவிடுகிறது. பெண்ணைப் பற்றி ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது ஒரு காலத்தில் பாராட்டு. இன்று அதையே புகைப்படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்கிறார்கள்.

எடைக்கு விலை உண்டு என்பதையும், அந்த விலையைப் பெண்கள் கூடுதலாகச் செலுத்துகிறார்கள் என்பதையும் அமெரிக்க ஆய்வுகள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டின. ஸ்டீவன் கோர்ட்மேக்கரும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் மிகையெடையோடு இருந்த பெண்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து மணமாகியிருக்கும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்களுக்கு இந்தக் குறைவு 11 சதவீதம். சூசன் அவெரெட், சாண்டர்ஸ் கோரென்மன் இருவரும் 1996-இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். பருமனான பெண்களின் பொருளாதாரப் பின்னடைவில் 50 முதல் 95 சதவீதம் வரையிலான பங்கு, மணமாகும் வாய்ப்பிலும் கணவரின் வருமானத்திலும் உள்ள வேறுபாட்டிலிருந்தே வந்தது என்று கண்டார்கள். வேலைச் சந்தையைவிடத் திருமணச் சந்தையே அவர்களிடம் அதிகம் வசூலித்திருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆண்களும்தானே அளக்கப்படுகிறார்கள்? சம்பளம், சொந்த வீடு, வெளிநாட்டு வேலை, உயரம், தலைமுடி என்று அவர்கள் மீதும் ஒரு பட்டியல் வைக்கப்படுகிறது. பெண்ணிடம் உடலையும் ஆணிடம் பணத்தையும் கேட்பது கொடுக்கல் வாங்கல். அதில் என்ன அநியாயம் என்று கேட்கலாம். ஆண்கள் படும் பாடு உண்மையானது, அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. உயரம் எந்த உழைப்பாலும் கூடாது. இருபத்தெட்டு வயதில் முடி கொட்டுவது யாருடைய குற்றமும் அல்ல. ஆண் உடல் பற்றிய கற்பனையும் பெருகிக்கொண்டே போகிறது. ஹாரிசன் போப்பின் குழு 2000-இல் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் இளைஞர்களிடம் கேட்டபோது, தங்கள் உடலைவிட ஏறக்குறைய 14 கிலோ அதிகத் தசையுள்ள உடலையே பெண்கள் விரும்புவதாக அவர்கள் நம்பினார்கள். பெண்கள் தேர்ந்தெடுத்ததோ சாதாரண உடலை. பால் ரோசினும் ஏப்ரல் ஃபேலனும் 1985-இலேயே இதன் மறுபக்கத்தைக் கண்டிருந்தார்கள்: ஆண்கள் உண்மையில் விரும்புவதைவிட மெலிந்த உடலையே ஆண்கள் விரும்புவதாகப் பெண்கள் எண்ணினார்கள். இரு தரப்பும் எதிர்த்தரப்பு கேட்காத ஒன்றுக்காகத் தங்களை வருத்திக்கொள்கின்றன. ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியை நம்பி உடலைக் கெடுத்துக்கொள்ளும் இளைஞனுக்கும், இரவு உணவைத் தவிர்த்து மயங்கி விழும் கல்லூரிப் பெண்ணுக்கும் நோய் ஒன்றுதான்.

ஆனால் ‘கொடுக்கல் வாங்கல்’ என்ற வாதம் ஓர் இடத்தில் உடைகிறது. பியர்-ஆந்த்ரே சியாப்போரியும் சகாக்களும் 2012-இல் அமெரிக்கத் தம்பதிகளின் தரவிலிருந்து இந்தப் பண்டமாற்றின் விகிதத்தையே கணக்கிட்டார்கள். உடல் நிறை குறியீட்டில் கூடுதலாகும் 1.3 அலகை ஓர் ஆண் 1 சதவீத ஊதிய உயர்வால் ஈடுகட்டுகிறான். பெண்ணோ 2 அலகை ஈடுகட்ட ஓராண்டு கூடுதலாகப் படித்திருக்க வேண்டும். இந்த விகிதம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது; ஆனால் ஆணுக்கு ஊதியம் உடலின் குறையை அழிக்கும் ரப்பராக இருக்கிறது என்பது பொருந்தும். படித்து, வேலைக்குப் போய், ஆணுக்கு நிகராகச் சம்பாதிக்கும் தமிழ்ப் பெண்கள் ஒரு தலைமுறையாகப் பெருகியிருக்கிறார்கள். அவர்களுடைய சம்பளம் எதிர்பார்ப்புப் பட்டியலில் புதிய வரியாகச் சேர்ந்ததே தவிர, பழைய வரி எதையும் அடிக்கவில்லை. சம்பாதிக்கவும் வேண்டும், சிவப்பாகவும் இருக்க வேண்டும், ஒல்லியாகவும் இருக்க வேண்டும். ஒரே பொருளுக்கு இரு முறை விலை கேட்பதைப் பண்டமாற்று என்று சொல்ல முடியாது.

அடுத்து வருவது ஆரோக்கிய வாதம். இதுதான் படித்தவர்கள் அதிகம் சொல்வது. ‘அழகைக் கேட்கவில்லை, ஆரோக்கியத்தைக் கேட்கிறேன்.’ நீரிழிவு இப்படிப் பரவியிருக்கும் மாநிலத்தில் இது நியாயமான கவலைதான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகவும் மதிப்பிட்டது. ஆனால் கண்ணால் பார்க்கும் ஒல்லித்தனம் ஆரோக்கியத்துக்குச் சான்றாகுமா? புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யூட்கின் இருவரும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே சான்றாக வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீடும் 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. நம் மக்களிடம் கைகால் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் போக்கை யாஜ்னிக் ‘மெலிந்த பருமன்’ என்ற பொருளில் விளக்கிவந்தவர். புடவை கட்டி, பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்கும் பெண்ணின் மெலிவைப் பார்த்து எந்த மாமியாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் சட்டைக்குள் இருப்பதையும் யாரும் கேட்பதில்லை.

மேலும், உயிரைக் காப்பது மெலிவைவிட உடலின் திறன்தான். பத்து ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, இதயமும் நுரையீரலும் உழைப்புக்குப் பழகாதவர்களின் இறப்பு அபாயம், அவர்கள் எந்த எடையில் இருந்தாலும், பழகியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டது. பருமனாக இருந்தும் உடல்திறன் உள்ளவர்களின் அபாயம், சரியான எடையும் திறனும் உள்ளவர்களோடு ஒத்திருந்தது. பருமனால் தீங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மூட்டும் சர்க்கரையும் அதை ஒப்புக்கொள்ளா. ஆனால் ஆரோக்கியம்தான் அக்கறை என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இரத்தச் சர்க்கரை எவ்வளவு? இரத்த அழுத்தம் எவ்வளவு? புகையும் குடியும் உண்டா? இவற்றை இரு தரப்பும் ஒரே தாளில் எழுதிக்கொடுக்கலாம். அப்படிக் கேட்காமல் இடுப்பையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்வது உண்மையாகாது.

எல்லா வாதங்களுக்கும் அடியில் ஆழமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஈர்ப்பு தர்க்கத்துக்குக் கட்டுப்படுமா? பிடிக்காத ஒருவரை ‘நியாயம்’ கருதி மணந்துகொள்ள முடியுமா? முடியாது, கூடவும் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் முழுமையானது, காரணம் சொல்லத் தேவையற்றது. தமிழ்நாட்டில் அந்த உரிமையைப் பெண்கள் இன்னும் முழுதாகப் பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பேசுவது தனிமனிதரின் அந்த ‘வேண்டாம்’ பற்றியதன்று. ஒரு சமூகமே ஒரே சொல்லை ஒரே திசையில் சொல்லும்போது, அது விருப்பம் என்ற நிலையைக் கடந்து விதியாகிறது. விதிகள் மாறக்கூடியவை. சங்கப் பாடல்கள் தலைவியின் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தையே அழகாகக் கொண்டாடின. பிரிவுத் துயரில் அது வெளிறிப் பசலை பாய்வதுதான் அங்கே அழகின் இழப்பு. அதே மொழியைப் பேசுகிறவர்கள் இன்று மாநிறம் என்று எழுதவே தயங்குகிறார்கள். ஃபிஜித் தீவில் வாட்டசாட்டமான உடலே மதிப்புக்குரியதாக இருந்தது. 1995-இல் அதன் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அங்கே மூன்றே ஆண்டுகளில், எடை குறைக்க வேண்டி வாந்தி எடுக்கும் பழக்கம் ஆய்வுக்குட்பட்ட பள்ளி மாணவியரிடையே சுழியத்திலிருந்து 11.3 சதவீதமாக உயர்ந்ததை ஆன் பெக்கர் பதிவு செய்தார். தென்னாப்பிரிக்காவின் ஊரகச் சூலு மக்கள் பருத்த உடலை விரும்பியதையும், பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களிடம் அந்த விருப்பம் மெலிவை நோக்கி நகர்ந்ததையும் மார்ட்டின் டோவீயின் குழு 2006-இல் காட்டியது. கண் பார்ப்பதைக் கற்றுக்கொள்கிறது.

கண்ணுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் மூவரும் 167 இணைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரை இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அறிமுகமாகி ஒரு மாதத்துக்குள் இணைந்தவர்கள் தோற்றக் கவர்ச்சியில் பெரிதும் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள். அழகர் அழகியோடு, சுமாரானவர் சுமாரானவரோடு. வெகு மாதங்கள் நண்பர்களாகப் பழகிய பின் இணைந்தவர்களிடம் அந்தப் பொருத்தம் தளர்ந்திருந்தது. பழகப் பழக ஒருவரின் குரலும் குணமும் நகைச்சுவையும் அவருடைய முகத்தை மாற்றிக் காட்டுகின்றன. இதை நம் ஏற்பாட்டோடு வைத்துப் பாருங்கள். ஒரு மாலை நேரம், பத்துப் பேர் சூழ்ந்த கூடம், சில நிமிடத் தனிப்பேச்சு. தோற்றத்தைத் தவிர வேறு எதையும் அறிய முடியாதபடி ஒரு சந்திப்பை அமைத்துவிட்டு, தோற்றம்தான் மனித இயல்பின் அடிப்படை என்று முடிவுகட்டுகிறோம். டேட்டிங் செயலிகளில் அந்த மாலையும் கட்டைவிரலின் ஒற்றை அசைவாகச் சுருங்கிவிட்டது. பெற்றோர் ஏற்பாட்டை மறுத்துச் சுதந்திரமாகத் தேடுவதாக நம்பும் தலைமுறை, அதைவிட அவசரமான அளவுகோலிடம் தன்னை ஒப்படைத்திருக்கிறது.

இனி நேரக் கணக்கு. போதிய உடலுழைப்பு இல்லாதோர் பற்றி 2024-இல் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 2022-இல் வயதுவந்த பெண்களில் 57 சதவீதத்தினரும் ஆண்களில் 42 சதவீதத்தினரும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைக்கூட எட்டவில்லை. வேலை, வீடு, போக்குவரத்து, ஓய்வு எல்லாவற்றிலும் நடக்கும் அசைவைச் சேர்த்த கணக்கு இது. அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதால்தான் பெண்கள் பருத்தார்கள், வீட்டுவேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும் என்று சொல்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். வீட்டுவேலை பெரிதாகக் குறையவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மட்டுமே அன்றைய தினம் எதையாவது செய்திருந்தார்கள். 2024 ஆய்வில் இது 289, 88 ஆனது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடத்துக்கு வந்திருக்கிறது. அந்த ஐந்து மணி நேரம் பெரும்பாலும் அடுப்பு முன் நிற்பதும், குனிந்து நிமிர்வதும், எடுத்து வைப்பதும். இதயத் துடிப்பை ஏற்றும் உழைப்பு அதில் குறைவு. அதைவிட, நடைக்கோ ஓட்டத்துக்கோ தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் மிஞ்சாதபடி அது நாளைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. காலை ஐந்தரை மணிக்குப் பூங்காவில் நடக்கும் ஆணுக்குப் பின்னால், பெரும்பாலும், அதே நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்த ஒருத்தி இருக்கிறாள். இருட்டில் தனியாக நடக்கப் பெண் அஞ்சும் தெரு, ‘வயசுப் பெண்ணுக்கு மைதானத்தில் என்ன வேலை’ என்று பூப்போடு முடிந்துபோன விளையாட்டு, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய சோற்றை நேரங்கெட்ட நேரத்தில் உண்ணும் வழக்கம், எல்லாம் சேர்ந்து அந்த உடலை உருவாக்கியிருக்கின்றன. அதைப் பார்த்து ‘கட்டுப்பாடு இல்லாதவள்’ என்கிறோம்.

இந்தக் கணக்கு திருமணத்துக்குப் பிறகுதான் கூர்மையாகிறது. ஏனென்றால் பெண் பார்த்த அன்றிருந்த உடல் தங்குவதில்லை. ஆண், பெண் இருவருக்குமே திருமணத்துக்குப் பின் பருமனாகும் வாய்ப்பு கூடுவதை நடாலி தேவும் பென்னி கோர்டன்-லார்சனும் 2009-இல் அமெரிக்க இளைஞர்களிடம் கண்டார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 12,067 பேரை 32 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை ஆராய்ந்த கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் இருவரும், கணவனோ மனைவியோ பருமனானால் மற்றவரும் பருமனாகும் வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது என்று 2007-இல் எழுதினார்கள். ஒரே வகைச் சூழலில் வாழ்வதையும் தாக்கத்தையும் முழுவதும் பிரித்துவிட முடியாது என்ற விமர்சனம் அந்த முறைமேல் உண்டு. ஆனால் ஒரே சமையலறையில் உண்டு, ஒரே சோபாவில் அமரும் இருவருக்கு அந்தப் பிரிவினை அவ்வளவு முக்கியமில்லை. இங்கிலாந்தில் 3,722 இணைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வு நல்ல பக்கத்தைக் காட்டுகிறது. உடற்பயிற்சி இல்லாதிருந்த மனைவி பயிற்சிக்கு மாறியபோது, அதேபோல் பயிற்சி இல்லாதிருந்த கணவர்களில் 67 சதவீதத்தினர் தாமும் மாறினார்கள்; மனைவி மாறாதபோது 26 சதவீதத்தினரே மாறினார்கள். பெண்களிடமும் ஏறத்தாழ இதே விகிதம்: 66, 24. தம்பதியின் உடல்கள் இரண்டு தனிச் சொத்துகள் அல்ல. ஒரே வீட்டின் நேரத்திலிருந்தும் உணவிலிருந்தும் சேர்ந்தே உருவாகின்றவை.

அப்படியானால் உடற்தகுதியை எதிர்பார்க்கும் ஒருவர் முன்கூட்டியே பேச வேண்டியவை இவைதான்: காலையில் யார் நடப்பது, அப்போது யார் சமைப்பது, குழந்தை பிறந்த பின் அந்த ஒரு மணி நேரம் யாருக்கு, எந்தக் கிழமை, இரவு எட்டு மணிக்கு இருவரும் சேர்ந்து உண்ண முடியுமா, மாமனார் மாமியார் அதற்கு ஒப்புவார்களா. இவை கூச்சம் தரும் கேள்விகள் அல்ல. ‘எடை எவ்வளவு’ என்று கேட்பதைவிட மரியாதையானவை. நெல்லை மாவட்டத்தின் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் இப்போது பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள். அவர்கள் அதற்கு முன் பல நாட்கள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர்கள் வீட்டு அடுப்பை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.